‘ஓகே பாஸ்’ சொல்லும் முன்: மின் வேலைச் சொற்கள், வாசகர் கேள்விகள்

மின் வேலையில் புரியாத சொல் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்கள் இரண்டு குவியலாகப் பிரிந்தன. ஒன்று, வீட்டைப் புதுப்பிக்கப் போய் கொட்டேஷனைப் பார்த்துத் திகைத்து நிற்கும் குடும்பங்கள் எழுதியவை. இன்னொன்று, ஊரில் ஐடிஐ முடித்து இங்கே சிங்கப்பூரில் சைட்டில் வேலை பார்க்கும் தம்பிகள் எழுதியவை. அதில் ஒரு தம்பி எழுதிய வரி மனசை விட்டுப் போகவே இல்லை: “புரியலன்னு கேட்டா வேலை தெரியாதவன்னு நினைச்சிடுவாங்கண்ணா, அதனால எதுக்கும் ஓகே பாஸ்னு சொல்லிடுறேன்.” தம்பி, உனக்காகத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும். இந்த வேலையில் முப்பது வருஷம் ஓட்டிய எனக்கே புதுசா ஒரு சொல் காதில் விழுந்தால் நின்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, புதுக்கோட்டையில் நாலு வருஷம் வயரிங் பார்த்தேன். இங்கே வந்து ஏழு மாதம் ஆகுது. எனக்குத் தெரிஞ்சது 3/20, 7/20. சூப்பர்வைசர் ‘டூ பாயிண்ட் ஃபைவ்’ என்கிறார். வயசான சீன போர்மேன் ‘செவன் ஓ டூ நைன்’ என்கிறார். எல்லாம் ஒரே வயரா, வேற வேறயா? (துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நீ கேட்டது மூன்றும் மூன்று காலத்து அளவுமுறை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கின்றன.

ஊரில் சொல்லும் 7/20இல் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் ஒவ்வொரு இழையின் கேஜ் நம்பர். கேஜ் நம்பர் கூடக் கூட இழை மெலியும், இதை மறந்துவிடாதே. 20 கேஜ் என்றால் இழையின் குறுக்களவு (விட்டம்) 0.036 அங்குலம், அதாவது 0.91 மில்லிமீட்டர். போர்மேன் சொல்லும் 7/029இல் கேஜ் நம்பர் கிடையாது, இழையின் குறுக்களவை நேராக அங்குலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்: ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.029 அங்குலம். பிரிட்டிஷ் காலத்துப் பழக்கம், பழைய கைகளின் வாயில் இன்னும் அப்படியே இருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் உன்னுடைய 7/20உம், இங்கே பழைய ஆட்கள் ‘செவன் ஓ த்ரீ சிக்ஸ்’ என்று சொல்வதும் ஒரே வயர்தான். போர்மேன் சொன்ன 7/029 அதைவிட மெலிசு. ஊர்க் கணக்கில் அது ஏறக்குறைய 7/22.

சூப்பர்வைசர் சொல்லும் 2.5 முற்றிலும் வேறு கணக்கு. அது குறுக்களவு இல்லை, செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். பேச்சில் ‘சதுர’ உதிர்ந்துபோய் ‘டூ பாயிண்ட் ஃபைவ் எம்எம்’ என்றே ஆகிவிட்டது. ஒரு பையன் வெர்னியரை வைத்து அளந்துவிட்டு, “அண்ணா இது 2.5 இல்லையே, ஏமாத்திட்டாங்க” என்று பதறினான். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பை ஒரே கம்பியாக உருட்டினால் குறுக்களவு 1.8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்தான் வரும், அவனை யாரும் ஏமாற்றவில்லை.

இப்போது எல்லாவற்றையும் பரப்புக்கு மாற்றிப் பார்ப்போம். 7/20 என்பது சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர். 7/029 சுமார் 3. ஊர் 3/20 சுமார் 2. இங்கே கடையில் வாங்கும் 2.5இல் ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர். 4இலும் ஏழு இழைதான், ஒவ்வொன்றும் 0.85. ஆபத்து இங்கேதான் இருக்கிறது, கவனி. வயரைச் சீவிப் பார்த்து ஏழு இழை இருக்கு, அப்போ இது 7/20 என்று நினைத்து, ஊரில் ஹீட்டருக்கு அதைத்தானே போடுவோம் என்று 2.5ஐ இழுத்துவிட்டால், நீ மனசில் நினைத்த செம்பில் பாதிதான் சுவருக்குள் போயிருக்கும். இழையை எண்ணி முடிவு செய்யாதே. கேபிளின் மேலேயே அளவு அச்சடித்திருக்கும், அதைப் படி. இங்கே வழக்கமாக விளக்குக்கு 1.5, 13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5, ஹீட்டர் மாதிரி கனமானதற்கு 4 என்று பார்ப்பாய். ஆனாலும் வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு, ஏனென்றால் ஒரே குழாயில் எத்தனை சர்க்யூட் ஓடுகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்துத்தான் அளவை நிர்ணயிக்கிறார்கள்.

அப்புறம், உன் கடிதத்தின் ஓரத்தில் ‘டெர்மினேஷன்’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தாய். வேலையைவிட்டு எடுப்பதற்கும் அதே சொல்தான் என்பதால் உன் பயம் எனக்குப் புரிகிறது. சைட்டில் ‘டுமாரோ டெர்மினேஷன்’ என்றால், இழுத்து முடித்த கேபிளின் நுனியைச் சீவி, கிளாண்டு (கேபிளைப் பெட்டியில் இறுக்கிப் பிடிப்பது) போட்டு, லக் (நுனியில் மாட்டும் உலோகக் காது) அடித்து, டெர்மினலில் முடுக்கும் வேலை நாளைக்கு என்று அர்த்தம். பல வருஷத்துக்கு முன்னால் என்னோடு ஒரே அறையில் இருந்த பையன் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் பெட்டி கட்டி வைத்திருந்தான். காலையில் ஸ்பேனரைக் கையில் கொடுத்தபோதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

கேள்வி: ஐயா, அடிக்கடி வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. ஒரு மின்பணியாளர் ‘இஎல்சிபி ட்ரிப்’ என்றார். இன்னொருவர் ‘ஆர்சிசிபி மாற்ற வேண்டும்’ என்றார். மூன்றாமவர் ‘ஆர்சிபிஓ போட்டுவிடுங்கள்’ என்று விலை கொடுத்தார். பெட்டிக்குள் எம்சிபி என்று வேறு இருக்கிறது. யார் சொல்வது சரி? (யீஷூனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. பெயர்களைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் எதைக் காக்கிறது என்று மட்டும் கேளுங்கள், தெளிந்துவிடும்.

எம்சிபி வயரைக் காக்கிறது. ஒரு சர்க்யூட்டில் அளவுக்கு மீறி மின்னோட்டம் போனாலோ, ஷார்ட் ஆனாலோ, வயர் சூடாகித் தீப்பிடிப்பதற்குள் துண்டித்துவிடும். ஆர்சிசிபி மனிதரைக் காக்கிறது. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் சமமாக இருக்க வேண்டும். ஹீட்டரின் உடைந்த காப்பு (இன்சுலேஷன்) வழியாகவோ ஒருவர் உடம்பு வழியாகவோ கொஞ்சம் நிலத்துக்கு ஓடினால் திரும்பி வருவது குறையும். அந்த வித்தியாசம் வீடுகளில் போடுகிற ஆர்சிசிபிக்கு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால், அதிகபட்சம் 0.3 நொடிக்குள் துண்டித்துவிட வேண்டும். 30 மில்லிஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் 3 சதவீதம்தான், எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. ஆர்சிபிஓ என்பது இந்த இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்வது. தனித்தனி சர்க்யூட்டுக்கு ஒன்று போட்டால், ஹீட்டரில் கசிவு வந்தால் ஹீட்டர் மட்டும் போகும், வீடு இருட்டாகாது. நல்லதுதான், செலவு கூட. இஎல்சிபி என்பது பழைய பெயர். அந்தக் காலத்துக் கருவி வேறு முறையில் வேலை செய்தது. கருவி மாறிவிட்டது, வாய் மாறவில்லை. இன்றைக்கு ஒருவர் உங்கள் வீட்டில் நின்றுகொண்டு இஎல்சிபி என்றால் ஆர்சிசிபியைத்தான் சொல்கிறார்.

இன்னொரு குழப்பம். உங்கள் ஆர்சிசிபியில் 63 ஆம்பியர் என்று இருப்பதால் ‘மெயின் 40தானே, 63 வரை இழுக்கலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அந்த 63, அது கெடாமல் தாங்கும் அளவு மட்டுமே, அதிகச் சுமைக்கு அது ட்ரிப் ஆகாது, அதாவது தானாக விழுந்து துண்டிக்காது. வரம்பு உங்கள் 40தான். 230 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்றால் 9.2 கிலோவாட், வீடு முழுவதற்கும் சேர்த்து. 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டர் ஒன்றே 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அதனால்தான் அதை 13 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது, லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் கேட்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டுப் பிரச்சினை. போவது எம்சிபியா, ஆர்சிசிபியா என்று முதலில் பாருங்கள். ஆர்சிசிபி என்றால் எல்லா எம்சிபியையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியை மேலே ஏற்றி, எம்சிபியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்யூட்டில் கசிவு. எல்லாம் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்காவிட்டால் அது கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல எம்சிபிகள் லைவை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்காவது எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஆர்சிசிபி நிற்காது. இதற்கு மேல் உரிமம் பெற்றவர் மீட்டரோடு வந்து பார்க்க வேண்டும். முக்கியமாக, அடிக்கடி விழுகிறதே என்று ஆர்சிசிபியைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு ஆர்சிசிபி கட்டாயமானது. அதற்கு முந்தைய வீடுகளில் சிலவற்றில் இல்லாமலே இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்று விதி வந்து, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தந்தார்கள். பெற்றோர் பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தால் அடுத்த முறை போகும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று எழுதிய பொத்தான் இருக்கும் கருவிதான் அது. மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போதே, அதை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

கேள்வி: புது வீட்டுக்கு வந்த கொட்டேஷனில் ‘1 கேங் 2 வே - 3, 2 கேங் 1 வே - 4, லைட்டிங் பாயிண்ட் - 14’ என்று இருக்கிறது. விளக்கு 14 தருவார்கள் என்று நினைத்தோம், இல்லை என்கிறார்கள். (தெம்பனிஸ்)

பதில்: ‘கேங்’ என்றால் ஒரே தட்டில் எத்தனை சுவிட்ச். ‘வே’ என்றால் அந்த விளக்கை எத்தனை இடத்திலிருந்து போட்டு அணைக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அறை வாசலில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வேண்டுமென்றால் இரண்டுமே 2 வே சுவிட்சாக இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், உங்கள் கொட்டேஷனில் 2 வே மூன்று இருக்கிறது. ஜோடியாகத்தான் வர வேண்டும், மூன்று எப்படி? மூன்று இடத்திலிருந்து இயக்க வேண்டுமென்றால் நடுவில் இன்டர்மீடியட் என்று வேறு வகை சுவிட்ச் வேண்டும், அதுவும் பட்டியலில் இல்லை. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். மூன்றாவது வெறும் அச்சுப்பிழையாக இருக்கலாம், அல்லது ஒரு சுவிட்ச் விட்டுப்போயிருக்கலாம்.

‘பாயிண்ட்’ என்பது பொதுவாக அந்த இடம்வரை வயர் கொண்டுவந்து முடிப்பது. விளக்கு உங்களுடையது, மாட்டுவதற்குக் கூலி தனியாகவும் இருக்கலாம். ‘சப்ளை அண்ட் இன்ஸ்டால்’ என்றால் பொருளும் அவர்களுடையது, ‘இன்ஸ்டால் ஒன்லி’ என்றால் மாட்டுவது மட்டும். பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டு சொற்களில்தான் ஆரம்பிக்கின்றன.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவரை உடைத்தபோது சிவப்பு, கறுப்பு வயர்கள். புது வேலைக்குப் பழுப்பு, நீலம் இழுத்திருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கலாமா? ஏன் நிறத்தை மாற்றினார்கள்? (தோ பாயோ)

பதில்: இணைக்கலாம், செய்கிறவருக்கு இரண்டு நிற முறையும் தெரிந்திருந்தால். பழைய முறையில் வீட்டுக்குள் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். 2009இல் அனைத்துலக வழக்கத்தை ஒட்டி மாற்றியதில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் மாறவில்லை. பழைய வயர் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவைப்பார்கள், இரண்டும் சேரும் இடத்தில் அடையாளமும் பெட்டியில் எச்சரிக்கைக் குறிப்பும் வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் இது பெரிய சிக்கல் இல்லை. எனக்குப் பயமே மூன்று பேஸ் வேலைதான், அதாவது மூன்று லைவ் வயர்கள் வரும் இணைப்பு. இந்தப் பதிலைக் கேட்டவர் மட்டுமில்லை, சைட்டில் இருக்கும் தம்பிகளும் இரண்டு முறை படியுங்கள். பழைய முறையில் மூன்று பேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. புது முறையில் மூன்று பேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம். அதாவது பழையதில் நியூட்ரலாக இருந்த கறுப்பு இப்போது உயிருள்ள பேஸ், பழையதில் பேஸாக இருந்த நீலம் இப்போது நியூட்ரல். அப்படியே தலைகீழ்! ஊரில் ‘ஆர் ஒய் பி’ என்று சிவப்பு-மஞ்சள்-நீலம் படித்துவிட்டு, கறுப்பு என்றால் நியூட்ரல் என்று கையும் மனசும் பழகி வருகிறவர்கள் நாம். பழகிய கை யோசிக்காமல் கறுப்பைத் தொடும். நான் வந்த காலத்தில் இங்கேயும் பழைய நிறம்தான், அதனால் எனக்குத் தடங்கல் இல்லை. நிறம் மாறிய பிறகு ஒரு பழைய கட்டடத்தில், பாதி பழசு பாதி புதுசாக இருந்த ஒரு பெட்டியில், கறுப்பை நியூட்ரல் பட்டையில் சொருகப் போன என் கையை உடன் வேலை பார்த்த மலாய்க்காரர் பிடித்து நிறுத்தினார். அன்றிலிருந்து நிறத்தை நான் நம்புவதில்லை, அளந்த பிறகுதான் பெயர் சொல்கிறேன். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 காட்டும், இரண்டு பேஸுக்கு நடுவில் 400 காட்டும். அதுதான் வயரின் உண்மையான பெயர்.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் சிறிய சாப்பாட்டுக் கடை வைக்கிறோம். ‘60 ஆம்ஸ் த்ரீ பேஸ், 41 கேவிஏ’ என்றார் குத்தகையாளர் (காண்ட்ராக்டர்). எனக்குத் தெரிந்தது கிலோவாட்டும் கரண்ட் பில்லும்தான்.

பதில்: 400 வோல்ட், 60 ஆம்பியர், மூன்று பேஸுக்காக 1.732, மூன்றையும் பெருக்கினால் 41.6 கேவிஏ. இது இணைப்பிலிருந்து நீங்கள் எடுக்கக்கூடிய மொத்தக் கொள்ளளவு. அதில் உண்மையாக வேலையாக மாறுவது கிலோவாட். மோட்டார், கம்ப்ரஸர் அதிகமுள்ள கடையில் கிலோவாட் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் பில்லில் ஒரு யூனிட். அவ்வளவுதான்.

கேவிஏ இன்னொன்றுக்கும் உதவும். இங்கே மின் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். ‘எல்இடபிள்யூ’ என்று சொல்வது அந்த உரிமம் பெற்றவரைத்தான். அதில் எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர் என்று மூன்று நிலை. எலக்ட்ரீஷியன் நிலையில் இருப்பவர் 45 கேவிஏ வரை செய்யலாம். உங்கள் 41.6 அதற்குள் அடங்கிவிடுகிறது. பின்னால் அடுப்பைப் பெரிதாக்கி 45ஐத் தாண்டினால் மேல்நிலை உரிமம் உள்ளவர் தேவை. வேலையைக் கொடுக்குமுன் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) படிக்கிறேன். எம்சிபியில் ‘பி20’ என்று இருக்கிறது. ஆர்சிசிபியிலும் ‘டைப் பி’ என்று ஒன்று உண்டாம். இரண்டும் ஒரே ‘பி’யா?

பதில்: இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. எம்சிபியில் வரும் பி, சி, டி என்பது திடீர் மின்னோட்டத்தை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது. பி20 என்றால் 20இன் 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும். சி என்றால் 5 முதல் 10 மடங்கு, டி என்றால் 10 முதல் 20. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் அதிகமாக இழுக்கும், அதற்குப் பி போட்டால் சும்மா சும்மா விழும். ஆர்சிசிபியில் வரும் எழுத்து வேறு கதை, எந்த வகைக் கசிவைக் கண்டுபிடிக்கும் என்பது. ‘டைப் ஏசி’ மாறுதிசை மின்னோட்டத்தை மட்டும், ‘ஏ’ துடித்துத் துடித்து வரும் நேர்மின்னோட்டத்தையும் சேர்த்து, ‘பி’ சீரான நேர்மின்னோட்டத்தையும் சேர்த்து. அங்கே ‘ஏசி’ என்றால் குளிர்சாதனத்துக்கு என்று நினைத்து வாங்கியவர்களும் உண்டு. அப்புறம் எம்சிபியில் கட்டத்துக்குள் 6000 என்று இருக்கும். அது ஷார்ட் ஆகும்போது அது வெடிக்காமல் துண்டிக்கக்கூடிய உச்ச மின்னோட்டம், 6000 ஆம்பியர். சுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். மின்னழுத்தம், மின்கசிவு, காப்பு என்று அழகான சொற்கள் இருக்க, ஏன் இந்த எழுத்துக் கூட்டமெல்லாம்?

பதில்: ஐயா, புரிந்துகொள்ள உங்கள் சொற்கள்தான் சிறந்தவை, இதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ‘இன்சுலேஷன்’ என்று நூறு முறை சொல்லியும் விளங்காத பையனுக்குக் ‘காப்பு’ என்றதும் விளங்கியது. ‘மெக்கர் பண்ணு’ என்பார்கள் சைட்டில். மெக்கர் ஒரு கருவியின் வணிகப்பெயர்தான், அந்த வேலை காப்புச் சோதனை. வீட்டு வயரிங் என்றால் 500 வோல்ட் செலுத்திப் பார்ப்பார்கள், குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். இப்படித் தமிழில் விளக்கிய பிறகு அவன் அந்த எண்ணை மறப்பதில்லை. ஆனால் பெட்டியில் அச்சடித்திருப்பதும், அவசரத்தில் சீனரும் வங்காளதேசத்தவரும் நாமும் சேர்ந்து கத்துவதும் அந்த எழுத்துக் கூட்டம்தான். அதனால் நான் தமிழில் விளக்குகிறேன், பெயரை மட்டும் சைட்டில் சொல்வதுபோலவே சொல்லிக் கொடுக்கிறேன்.

கேள்வி: சூப்பர்வைசர் ‘ஐசோலேட் பண்ணியாச்சா, டெட்டா’ன்னு கேட்டார். நான் ‘கரண்ட் இல்ல பாஸ்’ன்னு சொன்னேன். திட்டிட்டார். நான் சொன்னதுல என்ன தப்பு அண்ணா? (கிராஞ்சி)

பதில்: தம்பி, தப்பு உன்னிடம் இல்லை, ‘கரண்ட் இல்ல’ என்ற நம் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. ஊரில் மின்வெட்டு என்றாலும் கரண்ட் இல்ல, சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் இல்ல, பியூஸ் போனாலும் கரண்ட் இல்ல. சைட்டில் இவை மூன்றும் வேறு வேறு. ‘ஆஃப்’ என்றால் சுவிட்ச் அணைந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி போடலாம். ‘ஐசோலேட்’ என்றால் மூலத்திலிருந்தே பிரித்து, பூட்டு மாட்டி, உன் பெயர் எழுதிய அட்டை தொங்கவிட்டு, சாவி உன் சட்டைப்பையில் இருக்கிறது. ‘டெட்’ என்றால் அதற்குப் பிறகும் நம்பாமல் அளந்து பார்த்து மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்தாகிவிட்டது.

அளக்கும் முறையும் உண்டு. டெஸ்ட் பேனாவில் விளக்கு எரியவில்லை என்பது சான்றே இல்லை, செருப்புக்கும் தரைக்கும் ஏற்ப அது ஏமாற்றும். சரியான வோல்டேஜ் டெஸ்டரை முதலில் உயிருள்ளது என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார். பிறகு வேலை செய்யப் போகும் இடத்தில், லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார். முடிந்ததும் மறுபடி அந்த உயிருள்ள இடத்துக்குப் போய் டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் என்ன செய்வாய், அதற்காகத்தான். இனிமேல் அவர் கேட்டால், “லாக் போட்டாச்சு, சாவி என்கிட்ட இருக்கு, டெஸ்ட் பண்ணியாச்சு, டெட்” என்று முழுசாகச் சொல். அதில் ஒன்றுகூட விட்டுப்போயிருந்தால் ஓகே பாஸ் சொல்லாதே. அவர் திட்டினால் திட்டட்டும். வீட்டில் உன்னை எதிர்பார்த்து ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சிம் லிம் டவரில் கடை கடையாக ‘டாங் டெஸ்டர்’ கேட்டேன், யாருக்கும் புரியவில்லை. (ஜூரோங்)

பதில்: வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் அந்தக் கருவியை இங்கே ‘கிளாம்ப் மீட்டர்’ என்று கேளுங்கள், உடனே எடுத்து வைப்பார்கள். வாங்கியதும் கெட்டில் வயரைச் சுற்றி முழுசாக மாட்டிப் பார்த்துவிட்டு ‘சைபர் காட்டுது, மீட்டர் சரியில்லை’ என்று திருப்பிக் கொண்டுபோய்விடாதீர்கள். போவதும் வருவதும் ஒன்றை ஒன்று அழித்துவிடுவதால் அது சைபர்தான் காட்டும். மேலே யீஷூன் அம்மாவுக்குச் சொன்ன ஆர்சிசிபி வேலை செய்வதும் இதே கணக்கில்தான். லைவ் வயர் ஒன்றை மட்டும் பிரித்து அதைச் சுற்றி மாட்டுங்கள்.